ஸ்தனிஸ்லாஸ் பாஸான கதை

ஸ்தனிஸ்லாஸின் வாய் நிறையச் சர்க்கரை இருந்தது. அதனால்தான் அவனால் உண்மையைச் சொல்ல முடியவில்லை.

வாசலில் கால் வைத்ததுமே அவன் அம்மா வியாகுலம்மாள் ஒரு கை ரேஷன் சர்க்கரையை அள்ளி அவன் வாயில் போட்டுவிட்டாள். கால் மணி நேரத்துக்கு முன்னால் அவன் சிநேகிதன் பிலோமின்ராஜ், "பாஸ், பாஸ்" என்று பாலக்கரைத் தெரு முழுக்கக் கேட்கும்படி கத்திக்கொண்டு சைக்கிளில் போயிருந்தான். அவன் கத்தியது தன்னைப் பற்றி. வியாகுலம்மாள் அதைத் தன் மகனுக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டாள். மூன்று வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்த இரண்டு பேரைக் கடவுள் எதற்காகப் பிரிக்கப்போகிறார் என்று அவளுக்கு நம்பிக்கை.

கடவுள் பிரித்துவிட்டிருந்தார். காலேஜ் நோட்டீஸ் போர்டில் 217-க்கு அப்புறம் 219 இருந்தது. நடுவில் இருக்க வேண்டிய 218 ஸ்தனிஸ்லாஸ். மூன்று தடவை மேலிருந்து கீழாகவும், ஒரு தடவை கீழிருந்து மேலாகவும் பார்த்தான். பிறகு ஆபீசுக்குப் போனான். கிளார்க் பிச்சமுத்து நீளமான பட்டியல் ஒன்றை விரலால் தடவிப் பார்த்து, மற்றதெல்லாம் பாஸ், ஆர்கானிக் கெமிஸ்ட்ரி மட்டும் நிற்கிறது என்றார். துக்க வீட்டில் பேசுகிற குரல்.

பாலக்கரை வரைக்கும் நடந்து வருகிற வழியெல்லாம் வீட்டில் எப்படிச் சொல்வது என்று ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டே வந்தான். வாக்கியம் நன்றாகத்தான் வந்திருந்தது. வாயில் சர்க்கரை கரைவதற்குள் அம்மா பக்கத்து வீட்டுச் சந்திரம்மாளிடம் சொல்லிவிட்டாள். எதிர்வீட்டுக்கும் சொல்லிவிட்டாள். திரும்பி வந்து மாதா படத்துக்கு முன்னால் முழந்தாளிட்டு, மகன் உயரத்துக்கு மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டு வேளாங்கண்ணிக்கு வருவதாக நேர்ந்துகொண்டாள். ஸ்தனிஸ்லாஸ் ஐந்தடி பத்தங்குலம்.

மாதாவிடம் சொன்னதை அம்மா திரும்ப வாங்க மாட்டாள் என்று அவனுக்குத் தெரியும். சரி, அப்பாவிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தான்.

அப்பா அற்புதசாமி பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலையாட்களை மேற்பார்க்கிற சார்ஜ்மேன். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, இருபத்தாறு வருஷமாக இரும்போடு பழகியவர். பேச்சில் மிகவும் சிக்கனம். அந்தக் குடும்பத்தில் அதுவரை யாரும் காலேஜ் வாசலை மிதித்ததில்லை. சாயங்காலம் வந்து சைக்கிளை நிறுத்தியவர், அம்மா சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டு மகன் பக்கம் திரும்பினார்.

"எல்லா பேப்பரும் பாஸாயிருச்சா?"

பின்னால் அம்மா நின்றுகொண்டிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"ம்" என்றான் ஸ்தனிஸ்லாஸ்.

"சரி" என்று சொல்லிவிட்டு அவர் குளிக்கப் போனார். அவ்வளவுதான். ஆனால் குளியலறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அப்பா கோயில் பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அவர் பாடி அவன் கேட்டதே இல்லை. கட்டாயம் நாளைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, அன்றைக்குச் சாப்பிடாமலே படுத்தான்.

மறுநாள் சாயங்காலம் அம்மா கடைக்குப் போயிருந்தாள். அப்பா வந்து உட்கார்ந்தார். மகனைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏதாவது சொல்லணுமா?"

"இல்லப்பா."

"சரி."

அந்த "இல்லப்பா" தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று ஸ்தனிஸ்லாஸுக்கே நம்ப முடியவில்லை. முதல் நாள் பொய்யைச் சர்க்கரை மேல் போடலாம். இதை யார் மேல் போடுவது?

அடுத்த வாரம் அம்மா வேலை விஷயத்தை எடுத்தாள். பட்டம் வாங்கின பிள்ளை வீட்டில் சும்மா இருக்கலாமா, எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்சில் போய்ப் பதிந்துவிட்டு வா என்றாள். பதிவதற்குச் சர்டிபிகேட் வேண்டும். அது மெட்ராசிலிருந்து வர மூன்று மாதமாகும் என்றான். பிலோமின்ராஜுக்குப் புரொவிஷனல் சர்டிபிகேட் கையிலேயே கொடுத்துவிட்டார்களாமே என்றாள். கேள்வி மேல் கேள்வி வந்தது. தப்பிக்க வேறு வழி தெரியாமல், "நான் வேலைக்குப் போகலம்மா. எம்.எஸ்ஸி. படிக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டான்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தார்.

"எம்.எஸ்ஸி.ன்னா இதுவரைக்கும் படிச்சது மறக்கக் கூடாதுல்ல?" என்றார்.

மறக்கக் கூடாதுதான் என்று அவன் தலையாட்டினான்.

இரண்டு நாள் கழித்து அப்பா ஒரு ஏற்பாட்டோடு வந்தார். ஒர்க்‌ஷாப் ஆபீசில் ஹெட்கிளார்க் சடகோபன். ஸ்ரீரங்கம் கீழச் சித்திரை வீதியில் வீடு. அவர் மகள் ரங்கநாயகி பி.எஸ்ஸி. கடைசி வருஷம் போகிறாள். கெமிஸ்ட்ரிதான். அவளுக்கு டியூஷன் சொல்லித்தர ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஸ்தனிஸ்லாஸ் வருவான் என்று அப்பா வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். இனிமேல் மாட்டேன் என்று சொல்ல முடியாது. தினமும் நாலு மணிக்கு.

ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது ஸ்தனிஸ்லாஸ் தனக்குத் தானே தைரியம் சொல்லிக்கொண்டான். கெமிஸ்ட்ரி என்பது ஒரு கடல். இனார்கானிக் இருக்கிறது, பிசிகல் இருக்கிறது. அதெல்லாம் அவனுக்கு நன்றாகவே வரும். ஐம்பதுக்கு மேல் வாங்கியிருக்கிறான்.

சடகோபன் நெற்றி நிறையத் திருமண் தரித்து, கூடத்தில் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார்.

"வாங்கோ வாங்கோ. பெருமாள் கிருபை, நல்ல வாத்தியார் கிடைச்சேள். மத்ததெல்லாம் குழந்தை பார்த்துப்பா. அந்த ஆர்கானிக் ஒண்ணுதான் அவளுக்குப் பயமா இருக்காம். அதை மட்டும் கரை சேர்த்துடுங்கோ."

ஸ்தனிஸ்லாஸுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. வெயிலில் வந்ததால் என்று நினைத்து மாமி மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

ரங்கநாயகி ஒல்லியான பெண். நோட்டில் கோடு போட்டு, பேனாவைத் திறந்து தயாராக வைத்திருந்தாள். அவள் பயந்த மாதிரியே தெரியவில்லை. அவன் பென்சீனுக்கு ஒரு அறுகோணம் வரைந்தான். அதை நன்றாகவே வரைந்தான். அதற்குமேல் என்ன வரைவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள்.

"நைட்ரோ க்ரூப் இருந்தா, அடுத்து வரதை மெட்டா மூலைக்குத்தான் அனுப்பும்னு புஸ்தகத்துல இருக்கு சார். ஏன் சார் அப்படி?"

புத்தகத்தில் அப்படி இருக்கிறது என்பதே அவனுக்கு அப்போதுதான் தெரியும். நல்ல கேள்வி, இதை நாளைக்கு விவரமாகப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டு, மறுபடியும் ஒரு அறுகோணம் வரைந்தான்.

வீட்டுக்கு வருகிற வழியில் பிலோமின்ராஜிடம் போய் அவனுடைய ஆர்கானிக் நோட்டைக் கேட்டு வாங்கினான். எதற்கு என்று அவன் கேட்டால் என்ன சொல்வது என்று பயந்தான். பிலோமின்ராஜ் ஒன்றும் கேட்கவில்லை. அவன் பார்த்த பார்வையில் இருந்த பரிதாபம் அதைவிட மோசம். விடியற்காலை நாலரைக்கு எழுந்து உட்கார்ந்தான். நைட்ரோ க்ரூப் எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. அறுகோணத்தில் அதற்குப் பக்கத்து மூலையான ஆர்த்தோவும், எதிர் மூலையான பாராவும் வறண்டுபோகின்றன. வருகிறவன் வேறு வழியில்லாமல் இரண்டுக்கும் நடுவில் மெட்டாவில் போய் உட்காருகிறான். புரிந்ததும் அவனுக்கு அந்த வருகிறவன் மேல் இரக்கம் வந்தது.

மறுநாள் அதைச் சொன்னான். ரங்கநாயகி எழுதிக்கொண்டு, அப்படியானால் குளோரின் மட்டும் ஏன் எலக்ட்ரானையும் இழுத்துக்கொண்டு, ஆர்த்தோ பாராவுக்கும் அனுப்புகிறது என்று கேட்டாள். மறுபடியும் நாலரை மணி.

ஒரு வாரத்தில் அவன் இளைத்துவிட்டான். எம்.எஸ்ஸி.க்காகப் பிள்ளை இப்படி உழைக்கிறானே என்று அம்மா தினம் ஒரு முட்டை அவித்துக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் நற்கருணை வாங்கப் போகாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தான். இவ்வளவு பெரிய பொய்யை வைத்துக்கொண்டு நாக்கை நீட்ட அவனுக்குத் துணிச்சல் இல்லை. ஏன் போகவில்லை என்று அம்மா கேட்டதற்கு, நற்கருணைக்கு முன்னால் வெறும் வயிறாக இருக்க வேண்டும் என்பதை மறந்துபோய்க் காப்பி குடித்துவிட்டேன் என்றான். பொய் ஒன்று கூடியது.

டியூஷனை எப்படியாவது கழற்றிவிட வேண்டும் என்று ஒரு வழி கண்டுபிடித்தான். பாடத்தைப் பயங்கரமாக நடத்துவது. புத்தகத்தில் இல்லாததை எல்லாம் லைப்ரரியில் தேடிப் பிடித்து, மூச்சு விடாமல் சொன்னான். தினம் இருபது கேள்வி கொடுத்து, ஒன்று தப்பினால் ஐந்து தடவை எழுதச் சொன்னான். இந்த வாத்தியாரே வேண்டாம் என்று அந்தப் பெண் அப்பாவிடம் அழ வேண்டும். அதுதான் திட்டம்.

நாலாம் நாள் போனபோது கூடத்தில் ரங்கநாயகியோடு இன்னும் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"என் கிளாஸ்மேட்ஸ் சார்" என்றாள் ரங்கநாயகி. "காலேஜ்லகூட இவ்வளவு ஆழமா யாரும் எடுக்கறதில்லேன்னு சொன்னேன். அவாளும் வரேன்னுட்டா."

சடகோபன் ஊஞ்சலை நிறுத்திவிட்டு, பொன்மலையில் அற்புதசாமியைப் பார்த்து நேரிலேயே சொல்லிவிட்டதாகவும், உங்கள் பிள்ளை சாட்சாத் சரஸ்வதி கடாட்சம் பெற்றவன் என்றதாகவும் தெரிவித்தார். அப்பா என்ன சொன்னார் என்று ஸ்தனிஸ்லாஸ் கேட்டான்.

"சரின்னார்."

திரும்பும்போது பஸ் ஏறாமல் பாலத்தில் நடந்தான். மேட்டூரில் திறந்துவிட்ட தண்ணீர் அப்போதுதான் வந்து, காவிரி செம்மண் கலங்கலாக ஓடிக்கொண்டிருந்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். எதிரே மலைக்கோட்டையில் விளக்கு ஏற்றினார்கள். ஒரு பேப்பரில் பெயிலானவர்கள் இந்த ஊரில் நூறு பேர் இருப்பார்கள். அவர்கள் எல்லாம் வீட்டில் நாலு அடி வாங்கி, ஒரு வேளை பட்டினி கிடந்து, மறுநாள் மனுஷனாக நடமாடியிருப்பார்கள். நாம் மட்டும் பெயிலானதை மறைக்க, பெயிலான பாடத்தையே மூன்று பெண்களுக்கு நடத்திக்கொண்டிருக்கிறோம். இருபத்தொரு வயதில் ஒருத்தன் வாழ்க்கை இவ்வளவு சிக்கலாக முடியுமா? பட்டாளத்தில் சேர்ந்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. அங்கேயும் சர்டிபிகேட் கேட்பார்கள் என்று ஞாபகம் வந்ததும் நடையைக் கட்டினான்.

வீட்டில் அடுத்த இடி காத்திருந்தது. நன்றிப் பூசைக்கு அம்மா பங்குச் சாமியாரிடம் சொல்லி வைத்துவிட்டாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து பத்துப் பேருக்குச் சாப்பாடு. அதோடு விட்டிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பான். பாடம் சொல்லித்தந்தவர் ஒருவரையாவது கூப்பிட வேண்டாமா என்று அப்பா கேட்டாராம். கேட்டது மட்டுமல்ல, தானே சைக்கிளில் போய் கெமிஸ்ட்ரி புரொபசர் தங்கையனை அழைத்துவிட்டு வந்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை ஸ்தனிஸ்லாஸ் எப்படிக் கடந்தான் என்று அவனுக்கே தெரியாது. தங்கையன் வந்தார். செருப்பைக் கழற்றினார். கொலைக் குற்றவாளி நீதிபதியைப் பார்ப்பதுபோல் அவன் அவரைப் பார்த்தான்.

"என்னடா ஸ்தனிஸ்லாஸ், டியூஷன் எல்லாம் எடுக்கிறியாமே?" என்றார் அவர்.

அறுபது பேர் வகுப்பில் யார் பாஸ், யார் பெயில் என்று அவருக்கு எங்கே நினைவிருக்கப் போகிறது என்று அவன் ஒரு கணம் மூச்சு விட்டான். ஆனால் இலையில் உட்கார்ந்ததும் அவர் விடவில்லை. டொலுயீனில் நைட்ரோவைப் போட்டால் எங்கே போய் உட்காரும் என்று கேட்டார். ஆர்த்தோவிலும் பாராவிலும் என்றான். ஏன் என்றார். ஸ்தனிஸ்லாஸ் பதற்றத்தில் சாதத்தை ஒதுக்கிவிட்டு, கறிக்குழம்பைத் தொட்டு இலையில் விரலால் ஓர் அறுகோணம் போட்டான். ஒரு மூலையில் உருளைக்கிழங்கை மெத்தில் க்ரூப்பாக வைத்தான். அது எலக்ட்ரானைத் தள்ளுவதையும், எந்த எந்த மூலையில் சேர்வதையும் அம்புக்குறி போட்டுக் காட்டினான். நிறுத்தத் தெரியவில்லை. குளோரின் சமாசாரத்தையும் சேர்த்துச் சொல்லி முடித்தபோது பந்தியில் எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாமியார்கூட.

தங்கையன், "ம்" என்று சொல்லிவிட்டு ரசம் கேட்டார்.

அம்மாவுக்கு நிலைகொள்ளவில்லை. ரசத்தை ஊற்றிக்கொண்டே, எம்.எஸ்ஸி. சீட்டுக்கு நீங்கள்தான் சிபாரிசு செய்ய வேண்டும் என்றாள்.

"மொதல்ல இது முடியட்டும்மா" என்றார் தங்கையன்.

அவர் சாப்பாட்டைத்தான் சொல்கிறார் என்று அம்மா இன்னும் இரண்டு கரண்டி சாதம் வைத்தாள். அப்பா அவருக்கு அப்பளம் எடுத்துப் போட்டார்.

பெயிலானவர்கள் மறுபடி எழுதுகிற செப்டம்பர் பரீட்சைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் ஜூலை பதினைந்து, வெள்ளிக்கிழமை. அதற்குள் வீட்டில் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைத்து நினைத்து, வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது. காலையில் அப்பா வாசல்படியில் உட்கார்ந்து பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா" என்றான்.

"சொல்லு."

அவர் கயிற்றைக் கட்டாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். ஒர்க்‌ஷாப் சங்கு ஊதியது. இருபத்தாறு வருஷத்தில் ஒரு நாள்கூட அந்தச் சங்குக்குப் பிந்தாதவர். அன்றைக்கு அசையவில்லை. மகன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் அவ்வளவு பொறுமை இருந்தது. இப்படிப்பட்ட மனுஷனிடம் எப்படிச் சொல்வது?

"சைக்கிள் செயின் லூசா இருக்குப்பா."

அப்பா ஒரு பெருமூச்சு விட்டார். "சரி" என்று சொல்லிக் கயிற்றைக் கட்டிக்கொண்டு எழுந்து போனார்.

அவர் தெருமுனையில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு உள்ளே போய், டியூஷனுக்குச் சடகோபன் கொடுத்திருந்த பணக் கவரை எடுத்துச் சட்டைப்பையில் வைத்தான். எம்.எஸ்ஸி. விண்ணப்பம் வாங்கப் போவதாக அம்மாவிடம் சொன்னான். அதுதான் கடைசிப் பொய் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டான். அதையும் அவனால் நம்ப முடியவில்லை.

காலேஜ் ஆபீசில் மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. பிச்சமுத்து கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு யார் என்று பார்த்தார். ஸ்தனிஸ்லாஸ் கவரைக் கவுண்டரில் வைத்தான். ஆறு வாரமாக அடைத்து வைத்திருந்ததெல்லாம் அந்த மனிதர் முன்னால் மடை திறந்துகொண்டது. ஆர்கானிக்கை மறுபடியும் எழுத வேண்டும் என்றான். வீட்டுக்குத் தெரியாது என்றான். பாஸ் என்று நம்பி அம்மா மெழுகுவர்த்தி நேர்ந்திருக்கிறாள், பூசை வைத்திருக்கிறார்கள், ஊரைக் கூட்டிச் சாப்பாடு போட்டிருக்கிறார்கள் என்றான்.

"அப்பாவுக்கு மட்டும் தெரிஞ்சா தாங்க மாட்டாருண்ணே. எப்படியாவது அவருக்குத் தெரியாம இதை அனுப்பிடுங்க."

பிச்சமுத்து கவரை விரலால் அவன் பக்கமே நகர்த்தினார். மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு விண்ணப்பத்தை எடுத்து, அவன் முன்னால் வைத்து, பேனாவையும் திறந்து கொடுத்தார். பெயர், நம்பர், பேப்பர் எல்லாம் ஏற்கெனவே எழுதியிருந்தது. கையெழுத்துக்கு மட்டும் இடம் காலியாக இருந்தது.

"ரிசல்ட் வந்த மறுநாளே உங்கப்பா இங்க வந்து, எந்தப் பேப்பர்னு கேட்டு ஒரு சீட்டுல எழுதிக்கிட்டுப் போனாரு தம்பி, ஃபாரம் வந்த அன்னைக்கே பணத்தையும் கட்டிட்டு, 'அவனா வந்து கேக்கிற வரைக்கும் நீங்க மூச்சு விடாதீங்க, அதுக்குள்ள அவனைப் படிக்க வைக்கிறது என் பொறுப்பு'ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு."